நாலு தையல்

ஏழே முக்காலுக்கு முதல் வாய் இட்லி, அப்படின்னா ஒம்பதே முக்காலுக்கு ரெண்டாவது ஊசி. முதல் வாய் உள்ள போன நேரத்துலேர்ந்துதான் ரெண்டு மணி நேரம், கை கழுவின நேரத்துலேர்ந்து இல்ல. இது இந்த லேப்ல உக்காந்திருக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பத்தொம்பது வருஷமா மூணு மாசத்துக்கு ஒரு தடவை இந்தப் பெஞ்சுல உக்காந்து எந்திரிச்சவ நான். வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டு ஒண்ணு. நடுவுல காப்பி கூடாது, தெருவுல நாலு சுத்து நடந்து சர்க்கரையை இறக்கிட்டு வந்து ஏமாத்தவும் கூடாது, அப்படி ஏமாத்துறவங்களையும் பாத்திருக்கேன். கோவில்பட்டியில சர்க்கரையைப் பத்தி டாக்டருக்கு அடுத்தபடியா தெரிஞ்சது உலகம்மாளுக்குத்தான்னு எங்க தெருவுல சொல்லுவாங்க. சொல்லுவாங்க என்ன, நான்தான் சொல்ல வச்சிருக்கேன். இப்ப எட்டு அஞ்சு. இந்த நிவேதா, ரத்தம் எடுக்கிற பொண்ணு, அஞ்சு வருஷமா என் கையில நரம்பு எந்தப் பக்கம் ஓடுதுன்னு மனப்பாடமாத் தெரிஞ்சவ, இன்னைக்கு என்னைப் பாத்து வாங்கம்மான்னு ஒரு வார்த்தை சொன்னாளா, இல்ல. எனக்குப் பின்னாடி ஆட்டோவுலேர்ந்து இறங்கினவளைப் பாத்து ஓடினா. சுகுணாம்மா மெதுவா, சுகுணாம்மா இதுல உக்காருங்க, ஃபேன் காத்து நேரா அடிக்குதா, குறைக்கட்டுமா. டாக்டர் ரூம்லேர்ந்து மெத்தை வச்ச நாற்காலியைத் தூக்கிட்டு வந்து போட்டா. எனக்கு மரப்பெஞ்சு. பத்தொம்பது வருஷத்துல இந்தப் பெஞ்சுக்கு ஒரு துணி விரிக்கணும்னு ஒருத்திக்கும் தோணினதில்ல.

சுகுணா என் ஓரகத்தி, கொழுந்தனார் சம்சாரம். ஒரே வீடு, கீழ நாங்க, மாடியில அவங்க. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி எனக்குப் பின்னால வந்தவ, ஆனா எல்லாம் அவளுக்குத்தான் முன்னால வரும். பேரையே பாருங்க, சுகுணா. எங்கப்பா எனக்குத் தென்காசி அம்மன் பேரை வச்சாரு, பள்ளிக்கூடத்துல உலக உருண்டைன்னு கூப்பிட்டாங்க, நான் அப்பவே உருண்டைதான். அவளும் ஒல்லி இல்ல, ஆனா அவளுக்குச் சதை எங்க இருக்கணுமோ அங்க இருக்கும், எனக்கு எங்க இருக்கக் கூடாதோ அங்க. வாயைத் திறந்தா அக்கா. அக்கா உப்பு எங்கக்கா, அக்கா பால் பொங்குதுக்கா, அக்கா இன்னைக்கு என்ன கிழமைக்கா. ஒரு நாள் மொச்சை உரிச்சுக்கிட்டே எண்ணினேன், ஒரு படி உரிச்சு முடிக்கிறதுக்குள்ள முப்பத்தோரு அக்கா. எனக்கு எரிச்சலா வரும், அத்தனை மரியாதையும் அவளுக்கே நல்ல பேரா விழுதேன்னு வரும். இப்ப அவளுக்குக் கேன்சர். கணையத்துல. கார்த்திகையில மதுரையில வச்சு ஆறு மணி நேரம் ஆபரேஷன், அதுக்கப்புறம் ஒரு திங்கக்கிழமை விட்டு ஒரு திங்கக்கிழமை கீமோ. அடுத்த கீமோவுக்கு முன்னாடி ரத்தத்துல அணுவெல்லாம் எத்தனை இருக்குன்னு பாக்கணும், எனக்குச் சர்க்கரை பாக்கணும், ஒரே ஆட்டோ. எங்க வீட்டுக்காரரு, என் மாத்திரை தீந்துபோச்சான்னு இந்தப் பத்தொம்பது வருஷத்துல ஒரு நாள் கேக்காத மனுஷன், தினம் காலையில ஆறு மணிக்குச் சட்டையை மாட்டிக்கிட்டுப் போய் அவளுக்கு இளநி வாங்கிட்டு வர்றாரு. வழுக்கையா இல்லாம தண்ணியா பாத்து வாங்கினேன்னு எங்கிட்ட வந்து சொல்றாரு. எதிர்வீட்டுலேர்ந்து ஆட்டுக்கால் சூப். நாத்தனா சென்னையிலேர்ந்து வீடியோ போட்டு அழறா. எனக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்ச அன்னைக்கு இவரு என்ன சொன்னாரு தெரியுமா, எல்லாருக்கும் இருக்கிறதுதானே, இனிமே காப்பிக்குச் சீனி மிச்சம்னு சொன்னாரு. என் கால் மதமதன்னு மரத்துப் போய்ச் செருப்பு கழண்டது கூடத் தெரியாம கதிரேசன் கோவில் வரைக்கும் நடந்திருக்கேன், அதுக்கு யாரு சூப் கொண்டாந்தா. கேன்சரைப் பாத்துப் பொறாமைப்படுற பொம்பளை ஊருல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். வெளிய சொன்னா காறித் துப்புவாங்க. துப்பட்டும், எனக்குப் பொறாமைதான்.

எட்டு இருபது. பக்கத்துல பொட்டலம் பிரிக்கிற சத்தம். பாக்காமலே தெரியும், கடலை மிட்டாய். ஏலக்காயும் சுக்கும் போட்ட பாகு வாசனை. எங்க தெரு முக்குல ரெண்டு பட்டறை இருக்கு, தினம் பத்து மணிக்குப் பாகு காய்ச்சும்போது நான் ஜன்னலைச் சாத்திக்குவேன். இவளுக்கு மதுரை டாக்டர் பிடிச்சதைச் சாப்பிடுங்க, எப்படியாவது வெயிட் ஏத்துங்கன்னு சொல்லிட்டாரு, சீரணத்துக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு எது வேணாலும் சாப்பிடலாமாம். ஓரத்துல நகக்கண்ணு அளவு ஒடிச்சு வாயில வச்சுச் சப்பிக்கிட்டு இருக்கா. முழுசாத் தின்னாக் கூட வயித்தெரிச்சல் இருக்காது, அதையும் தின்ன முடியாம நகக்கண்ணு அளவு. 'உங்களுக்குக் குடுக்க முடியலையேக்கா'ன்னு சொல்றா. பரவாயில்ல, நீ சாப்பிடுன்னேன். கையைத் தூக்கி முடியைச் சரி பண்றா, முடின்னு எங்க இருக்கு, துண்டைத்தான் சரி பண்றா. அப்பத் தெரிஞ்சது, கக்கத்துக்குக் கீழ, மாம்பழ மஞ்சள் ஜாக்கெட்டு, என் தையல். உள்பக்கம் நாலு தையல் இருக்கும், ஒண்ணுக்கு உள்ள ஒண்ணு, நூல் கூட நாலும் நாலு கலர், அன்னைக்கு மிஷின்ல என்ன நூல் கோத்திருந்துச்சோ அது. வேற ஜாக்கெட்டே கிடைக்கலையா இவளுக்கு இன்னைக்கு.

போன சித்திரையில அவளுக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சது. அம்பத்தோரு வயசுல. ரேஷன் கடைப் பக்கம் ஏதோ முகாம்ல சும்மா விரலைக் குத்திப் பாத்தாங்களாம், இருநூத்தம்பதாம். மாடியிலேர்ந்து ஓடியாந்து, அக்கா எனக்கும் வந்திருச்சுக்கான்னு சொன்னா. எனக்கு முதல்ல என்ன தோணுச்சுன்னு சொல்லிடறேன், மறைக்கிறதுக்கு இங்க யாரு இருக்கா. இதுவுமா உனக்குன்னு தோணுச்சு. அவளுக்குப் பையன் இருக்கான், எனக்குப் பிள்ளை கிடையாது. அவளுக்கு மாடியில காத்து வரும். அவ வச்ச குழம்புக்குத்தான் எல்லாரும் இன்னொரு கரண்டி கேப்பாங்க. இந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு சர்க்கரை, அதுலயும் வந்து பங்கு கேக்கிறாளேன்னு தோணுச்சு. அப்புறம் அதுவே ஒரு குஷியாயிருச்சு. அவ சோத்துத் தட்டு இப்ப என் கையில. காலையில விரலைக் குத்திப் பாத்து, நோட்டுல எழுதி, இதைத் தின்னாதே அதைத் தின்னாதேன்னு அதட்டி, எல்லாத்துக்கும் சரிக்கா சரிக்கான்னு. ரெண்டு தெரு தள்ளி ஒரு சாதா டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கிக்கிட்டா. என் டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போகல. அவரு எனக்கு. ஒரு மாசம் கழிச்சு இந்த மாம்பழ மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்துட்டு வந்து, அக்கா தொளதொளங்குதுக்கா, கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கக்கான்னு நின்னா. ஒரு பக்கத்துக்கு அரை இஞ்ச் பிடிச்சேன். அடுத்து ஆனி பாதியில வந்தா, இன்னொரு அரை இஞ்ச். அதுக்கப்புறம் ஆடியில, அப்புறம் ஆவணியில. நான் டேப்பை எடுத்து அவ மாரைச் சுத்திப் பிடிக்கிறேன், நாப்பது முப்பத்தெட்டாச்சு, முப்பத்தாறுக்கு வந்துச்சு, இடுப்பு எலும்பு கையில தட்டுது, கழுத்தெலும்புக்குக் கீழ பள்ளம் விழுந்து சங்கிலி அதுல அழகா உக்காந்துக்கிச்சு. கொழுந்தனாரு அவளைப் பாக்குற பார்வையே மாறிப்போச்சு. தெருவுல எல்லாரும், என்ன சுகுணா பத்து வயசு குறைஞ்சுட்டேன்னாங்க. நான் தினம் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எட்டு போட்டு நடை, கேப்பைக் களி, பாகற்காய் ஜூஸ்னு உயிரை விட்டு ஒரு கிலோ குறையல. இவ ஒண்ணும் பண்ணாம உருகி இறங்குறா. வயித்துக்கு மேல ஒரு வலி, முதுகுக்குப் போகுதுக்கான்னா. கேஸ்னு சொன்னேன். சர்க்கரை வந்தா மெலியத்தான் செய்யும்னு சொன்னேன். சர்க்கரையைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவ சொல்லிட்டேன்ல, அப்புறம் யாரைக் கேக்கப் போறா.

அதோட நின்னிருந்தா நான் அறியாத்தனமா சொன்னதுன்னு போயிருக்கும். அங்கதான் நிக்கலையே. ஆடி மாசம், ஆடிப்பூரத்துக்கு மறுநாள், டாக்டர் ஞானசேகர் என் ரிப்போர்ட்டைப் பாத்து வழக்கம்போல, உலகம்மா, உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும், நான் கடையைச் சாத்திடலாம்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் மூணு மாசம் களி திங்கிறதே. அந்தக் குஷியில வாய் ஓடிச்சு, எங்க ஓரகத்தியும் இப்ப எங்கிட்டதான் டிரெய்னிங், நாலு மாசத்துல பத்துக் கிலோ இறக்கிட்டேன்னு பெருமையடிச்சேன். அவரு பேனாவைக் கீழ வச்சாரு. அவங்களுக்கு என்ன வயசுன்னு கேட்டாரு. சர்க்கரை எப்ப வந்துச்சு, மெலியறதுக்கு முன்னாடியா பின்னாடியா, வீட்டுல வேற யாருக்கும் இருக்கா, வயித்து வலி இருக்கா. நான் சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னேன். அவரு சிரிக்கல. அவரு சொன்னது இன்னும் ஒரு எழுத்துப் பிசகாம காதுல இருக்கு. 'சர்க்கரையைப் பாத்துக்கிறதே கணையம்தான் உலகம்மா. அம்பதுக்கு மேல புதுசாச் சர்க்கரை வந்து, காரணம் இல்லாம எடையும் விழுந்தா, சில பேருக்கு அது கணையத்துல ஒரு கட்டி இருக்குன்னு காட்டுற முதல் அடையாளமா இருக்கலாம். நூத்துக்கு ஒருத்தருக்கு இருந்தா ஜாஸ்தி, பயமுறுத்தாதீங்க. ஆனா இந்த வாரம் கூட்டிட்டு வாங்க, வயித்துல ஒரு ஸ்கேன் பாத்துடலாம்.' சரி டாக்டர்னு எந்திரிச்சு வந்தேன். ஆட்டோவுல வரும்போது சொல்லணும்னுதான் இருந்தேன். வீட்டுக்குள்ள நுழையுறேன், கூடத்துல எல்லாரும் உக்காந்து அவளைத்தான் பேசிக்கிட்டிருக்காங்க. புது நைலக்ஸ் சேலை கட்டி நின்னுக்கிட்டிருக்கா, கொசுவம் சும்மா விசிறியாட்டம் விரிஞ்சு விழுது, எங்க வீட்டுக்காரரு, இதே வீட்டுலதான் நீயும் திங்கிற, அவளைப் பாரு உன்னைப் பாருன்னு எல்லாரும் இருக்கையில சொல்றாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல, அக்காவைச் சும்மா இருங்கன்னு இவரை அதட்டினா, அதுதான் எனக்கு இன்னும் சுருக்குன்னு போச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.

நாளைக்கு, நாளைக்கு. மறந்துட்டேன்னு சொல்லிக்கலாமா. தீவாளித் தையல், முப்பத்தஞ்சு ஜாக்கெட் கட்டிக் கெடந்துச்சு, மறந்திருக்கலாம்ல. மறக்கல. ஆவணியில நாலாவது தையல் போடும்போது மிஷினை மிதிச்சுக்கிட்டே நினைச்சேன், அவ இதோ பக்கத்துல முக்காலியில உக்காந்திருக்கா, வாயைத் திறந்தாப் போதும். நூத்துக்கு ஒருத்தருக்குன்னுதானே சொன்னாரு, இவளுக்கா இருக்கப் போகுது, எல்லாம் நல்லதாவே நடக்கிறவளுக்கு. கூட்டிட்டுப் போனா என்ன ஆகும், டாக்டர் அவளையும் பாத்துச் சிரிப்பாரு. உங்க ஓரகத்தி உங்களையே முந்திட்டாங்களே உலகம்மான்னு சொல்லிட்டாருன்னா. எனக்குன்னு இருக்கிற ஒரு ஆள் முன்னாடியும் போய் நிக்க வைக்கணுமா அவளை. இவ்வளவுதான். இதுக்குத்தான். ஒரு உசுரை இதுக்குத்தான் நிறுத்தி வச்சேன்னா நம்புவாங்களா. நானே நம்பல. நம்பாம வேற காரணம் தேடுறேன், தேடித் தேடிச் சுத்தி இந்த இடத்துக்கே வந்து நிக்குது. அவ உள்ளுக்குள்ள கட்டி வளருது, நான் வெளிய அரை இஞ்ச் அரை இஞ்சாப் பிடிச்சுத் தச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கேன். ஐப்பசியில தீவாளிக்கு மறுநாள் கண்ணு மஞ்சளாச்சு. கீழாநெல்லின்னாங்க, அப்புறம்தான் மதுரை. அங்க அந்தப் பெரிய டாக்டர் கொழுந்தனார்கிட்ட, கல்லீரலுக்குப் போகல, எடுத்திடலாம், ஆனா ரத்தக்குழாயை ஒட்டி வந்திருச்சு, ஒரு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இவ்வளவு கஷ்டம் இல்லன்னாரு. மூணு மாசம். ஐப்பசியிலேர்ந்து பின்னால எண்ணினா ஆடி. அந்த ரூம்ல கொழுந்தனாருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு நான் விரலை மடக்கி மடக்கி எண்ணினேன், வேற கணக்கு வருதான்னு பாத்தேன். கொழுந்தனாரு குலுங்கிக் குலுங்கி அழறாரு, எங்களுக்குத் தெரியாம போச்சே டாக்டர், தெரிஞ்சிருந்தா விடுவமான்னு. நான் அவரு முதுகைத் தடவிக் குடுத்தேன்.

ஒம்பது மணி. ரோட்டுல பள்ளிக்கூட வேன் எல்லாம் போய் ஓஞ்சிருச்சு. தீவாளிக் கலவரத்துல ஐப்பசிப் பரிசோதனைக்கு வரல, தை மாசமும் வரல. பத்தொம்பது வருஷத்துல முதல் தடவையா ரெண்டு தரம் விட்டாச்சு, சுகுணாவைப் பாத்துக்கிறேன்ல அதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், பாவம் உலகம்மான்னு அதுலயும் ஒரு பேரு வாங்கிட்டேன். நிஜம் என்னன்னா அந்த டாக்டர் மூஞ்சியைப் பாக்க முடியாது. முதல் கேள்வி கேப்பாரு, உங்க ஓரகத்தியைக் கூட்டிட்டு வரவே இல்லையேன்னு. நூறு பேரைப் பாக்கிறவருக்கு ஞாபகம் இருக்குமா. இருக்கும். உங்க வீட்டு நாய் பேரு வரைக்கும் ஞாபகம் வச்சிருப்பாருன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டது நான்தானே. இன்னைக்கும் வந்திருக்க மாட்டேன். சுகுணாதான், எங்கக்கா எனக்காக அவங்க உடம்பை விட்டுட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி, இவரு திட்டி, ஆட்டோ பிடிச்சாச்சு. அதோட விட்டாளா. ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கும் சுகர் ஏறி ஏறி இறங்குதுக்கா, நானும் உங்க டாக்டரையே பாத்துக்கிறேன்கான்னு டோக்கன் போட்டுட்டா. எனக்கு ஏழு, அவளுக்கு எட்டு. ஒண்ணாவே போயிடலாம்கான்னுட்டா. பத்து மணிக்கு உள்ள போவோம். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காருவோம். டாக்டர் அவளைப் பாப்பாரு, தலையில கட்டின துண்டைப் பாப்பாரு, அப்புறம் என்னைப் பாப்பாரு. ஓ, இவங்கதானான்னு கேப்பாரு. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சொன்னா என்ன ஆகும். கொழுந்தனாரு வெட்டிப் போடுவாரு. இவரு பேச மாட்டாரு, இப்ப மட்டும் பேசுறாரா என்ன. அந்தப் பையன், பெரியம்மா பெரியம்மான்னு மடியில கெடந்தவன், அவன் என்னைப் பாப்பானே ஒரு பார்வை. இப்படியே எந்திரிச்சு வெளிய போய் ஆட்டோ பிடிச்சிடலாமா. ஊசி குத்தின இடத்துல பஞ்சு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. டாக்டர் இன்னைக்கு லீவுன்னு நிவேதா வந்து சொல்லிட்டாள்னா எவ்வளவு நல்லாருக்கும். அதோ கார் சத்தம். வந்துட்டாரு.

இன்னொண்ணும் இருக்கு. அதை நினைக்கக் கூடாதுன்னு ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறேன், அது சேலைத் தலைப்பைப் பிடிச்சு இழுக்குது. காலையில ரத்தம் குடுக்கிறதுக்கு முன்னாடி இங்க எடை பாக்குற மிஷின்ல ஏறி நின்னேன், அம்பத்தெட்டு. ஆடியில அறுபத்தஞ்சு. மார்கழியிலேயே சேலை சுத்து கூடுதலா வந்துச்சு, முதல்ல குஷிதான், பாத்தியா எனக்கும் குறையுதுன்னு கண்ணாடி முன்னாடி திரும்பித் திரும்பிப் பாத்தேன், அவ ஆஸ்பத்திரியில கெடக்கிறா, நான் கண்ணாடி பாத்தேன். அப்புறம் களி இறங்கல. வீட்டு மிஷின்ல சர்க்கரை முன்னூறு காட்டுது, மாத்திரை அதே மாத்திரைதான், தீனியும் இல்ல. மனசு சரியில்ல அதான்னு சொல்லிக்கிட்டேன். அவளுக்குச் சொன்ன மாதிரியே எனக்கும் சொல்லிக்கிட்டேன். ரொம்ப வருஷமா அடக்கத்துல இருந்த சர்க்கரை திடுதிப்புன்னு கைமீறிப் போனாலும் கவனிக்கணும்னு எப்பவோ இதே டாக்டர் சொன்னதுதான். ஊர் ஜாக்கெட்டை எல்லாம் பிடிச்சுக் குடுக்கிறவ, என் ஜாக்கெட்டை மட்டும் பிடிக்கல. மிஷின்கிட்ட எடுத்துட்டுப் போவேன், அரை இஞ்ச் மடிச்சு ஊசிக்குக் கீழ வைப்பேன், பெடலை மிதிக்கக் கால் வராது. திருப்பி மாட்டிக்கிட்டு வந்துடுவேன். தோள்ல இறங்கினா ஊக்கு. யாரும் கவனிக்கல. எங்க வீட்டுல யாரு என்னைப் பாத்தாங்க.

'அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கக்கா.' ஒம்பதரை. சுகுணா மிட்டாயைப் பொட்டலத்துல திருப்பி மடிச்சுட்டு என் முதுகுப் பக்கம் குனிஞ்சிருக்கா. ஊக்கு கழண்டிருக்குமோ என்னமோ. அவ கை என் முதுகுல படுது, கீமோவுல நகமெல்லாம் கறுத்துப் போன கை, ஜில்லுன்னு. ஜாக்கெட்டைப் பின்னாலேர்ந்து ரெண்டு விரலால பிடிக்கிறா. நான் அவளுக்கு எப்படிப் பிடிப்பேனோ அதே மாதிரி. இது ரெண்டு இஞ்சு வருதேக்கான்னா. வெயில் வந்திருச்சுல்ல, வேர்க்குதுன்னு லூசா விட்டிருக்கேன்னு சொன்னேன். அவ விரலை எடுக்கல. எத்தனை கிலோக்கா குறைஞ்சிருக்குன்னு கேட்டா. ஏழுன்னு வாய் தானாச் சொல்லிருச்சு. எப்பலேர்ந்துக்கா, வயிறு வலிக்குதாக்கா, முதுகுக்கு வருதாக்கா. அவ அழல, ஐயையோன்னு சொல்லல, எங்கிட்ட ஏன் சொல்லலைன்னு கூடக் கேக்கல. நாற்காலிக் கையைப் பிடிச்சு எந்திரிச்சா, எந்திரிக்கவே மூணு மூச்சு வாங்குது, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டே லேப் ஜன்னல் வரைக்கும் போய், நிவேதா, டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லும்மா, எங்கக்காவுக்கு இன்னைக்கே வயித்து ஸ்கேன் எழுதணும், வரிசை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நான் சொன்னேன்னு சொல்லுன்னா. திரும்பி வந்து உக்காந்தா. கடிகாரத்தைப் பாத்தேன். ஒம்பது முப்பத்திரண்டு. ரெண்டு நிமிஷம். எனக்கு மூணு மாசம் முடியாதது அவளுக்கு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. வயிறு எரிஞ்சுச்சு எனக்கு. இதுலயும் அவதான். எனக்கு வாய்க்காத அந்த மனசு இவளுக்கு மட்டும் எங்கேர்ந்து வருது, எப்படி யோசிக்காம வருது. பயப்படாதீங்கக்கா, எல்லாருக்கும் எனக்கு வந்த மாதிரி வராதுக்கா, சீக்கிரம் பாத்துட்டா ஒண்ணும் இல்லக்கா, எனக்குத்தான் யாரும் சொல்லாம போயிட்டாங்கன்னு சொல்லி என் கையைப் பிடிச்சா.

யாரும் சொல்லாம போயிட்டாங்க. அந்த இடத்துல நான் சும்மா இருந்திருக்கலாம். டாக்டர்கிட்ட நான் மட்டும் முதல்ல போய்க் கண்ணைக் காட்டியிருக்கலாம், ஆயிரம் வழி இருக்கு. அவ கை என் கை மேல இருக்கு.

'சுகுணா. ஆடி மாசமே இந்த டாக்டர் சொன்னாரு. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு, ஸ்கேன் பாத்துடலாம்னு. நான் உங்கிட்டச் சொல்லல.'

அவ என்னைப் பாத்தா. புரியாத மாதிரி பாத்து, அப்புறம் கண்ணு மெதுவா ஆடி, ஆவணி, புரட்டாசின்னு நகர்ற மாதிரி இருந்துச்சு. 'மறந்துட்டீங்களா'ன்னு கேட்டா. எனக்காகத்தான் கேட்டா. ஆமான்னு ஒரு வார்த்தை போதும், அதை அவளே எடுத்துக் கையில குடுக்கிறா, நம்பிடுவா, சாகிற வரைக்கும் நம்புவா.

'மறக்கல. நீ மெலிஞ்சு அழகா இருந்த. எல்லாரும் உன்னையே பாத்தாங்க. எனக்குப் பொறுக்கல.'

ஃபேன் சுத்துது. எதிர்ப் பெஞ்சுல ஒரு பெரியவரு டம்ளரைக் குலுக்கிக் குளுக்கோஸ் தண்ணியைக் கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கிறாரு. என் கை மேல இருந்த கை எப்ப போச்சுன்னு எனக்குத் தெரியல, மரத்துப் போற கைதானே என்னது. அவ தன் கக்கத்துப் பக்கம் தையலை விரலால நெருடிக்கிட்டு இருக்கா, மேலேர்ந்து கீழ, ஒண்ணு, அப்புறம் அதுக்கு உள்ள இருக்கிறது, அப்புறம் அடுத்தது. அழுதுருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும் என்ன பண்ணணும்னு. நிவேதா ஜன்னல்லேர்ந்து தலையை நீட்டி, உலகம்மாள், சாப்பிட்டதுக்கு அப்புறம்னு கூப்பிட்டா. ஒம்பதே முக்கால், சரியா. நான் எந்திரிக்கல. சுகுணாதான் எந்திரிச்சா. பெஞ்சுல கெடந்த என் ஃபைலை எடுத்து, பத்தொம்பது வருஷத்து ரிப்போர்ட்டு, அவளால தூக்க முடியாத கனம், ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டா.

'போய் ரத்தம் குடுத்துட்டு வாங்க. நான் ஸ்கேனுக்கு எழுதி வாங்கி வைக்கிறேன்.'

அவ்வளவுதான் சொன்னா. நான் எந்திரிச்சு அங்கயே நின்னேன். அவ செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு அடியா டாக்டர் ரூமைப் பாத்துப் போறா, ஃபைல் நழுவுது, முட்டியால முட்டுக் குடுத்து ஏத்திக்கிறா. கதவுகிட்டப் போறவரைக்கும் பாத்தேன், கதவைத் தள்ளுறவரைக்கும் பாத்தேன். அந்த ஒரு அக்கா வந்துரும், இருபத்தாறு வருஷத்துப் பழக்கம், வாய் தவறியாவது வந்துரும்னு நின்னேன். கதவு சாத்திக்கிச்சு. அது வரல. நிவேதா இன்னொரு தடவை பேரைச் சொன்னா. நான் உள்ள போய் உக்காந்து கையை நீட்டினேன்.